இரண்டடி இடம்

“சுவரோட ஒட்டப் பிடி ஹெப்சி, நழுவுது பாரு” என்றான் மரியசெல்வம். அவன் மனைவி ஹெப்சிபா அளவு டேப்பின் இரும்பு நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். அவன் மறுமுனையை இழுத்துக்கொண்டு முழங்காலிலேயே நகர்ந்து போய், சமையல் மேடை தொடங்கும் இடத்தில் நிறுத்தித் தரையில் பென்சிலால் ஒரு கோடு போட்டான். நீளம் ஆறடி. அகலம் இரண்டடி, அதற்கு மேல் ஒரு விரல். வண்டிக்குள் எதற்கென்று முடிவாகாமல் மிச்சமிருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

கொடைக்கானல் வில்பட்டியில் பூண்டு அடுக்கும் தகரக் கொட்டகை ஒன்றுக்குள் இரண்டு வருடமாக அந்த வேன் நின்றது. அதற்கு முன் பத்து வருடம் மரியசெல்வம் அதில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு தூண்பாறைக்கும் பேரிஜம் ஏரிக்கும் போய் வந்தவன். முதலாளி அதை விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் தானே வாங்கிக்கொண்டான். இருக்கைகளைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே போட்டான்; அவற்றில் இப்போது வில்பட்டிக் கோழிகள் அடைகாக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இங்கே வந்து, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக வீடாக்கினான். பின்பக்கம் குறுக்காக ஒரு கட்டில், இடப்பக்கம் சமையல் மேடை, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ளே போனால் திரும்ப முடியாத ஒரு குளியலறை, கூரைமேல் சோலார் தகடு, அடியில் நூற்றைம்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடியதும் கிளம்புவதாகப் பேச்சு. மூன்று மாதம். முதலில் ராமேஸ்வரம், அப்புறம் கன்னியாகுமரி, அங்கிருந்து மேற்குக் கரையோரமாகவே ஏறி கோவா வழியாகக் கட்ச் வரைக்கும். கட்ச் அவள் கேட்டது. ஹெப்சிபா சலவைப் பொறுப்பாளராக வேலை பார்க்கும் விடுதிப் பள்ளியில் குஜராத்துப் பெண் ஒருத்தி தன் ஊர் உப்புப் பாலைவனத்தைப் போனில் காட்டியிருந்தாள். வெள்ளையாகத் தரை, நீலமாக வானம். இரண்டுக்கும் நடுவில் ஒரு துளி மூட்டம் இல்லை. ஹெப்சிபா அந்தப் படத்தை இன்னொரு முறை காட்டச் சொன்னாள். இப்படிக்கூட ஓர் இடம் இருக்குமா என்று அன்று முழுதும் துணி மடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

“துணி துவைக்க ரெண்டே வழிதான்” என்று மரியசெல்வம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். “ஒண்ணு, துவைக்கிறதும் காய வைக்கிறதும் சேந்த மிஷினு. முன்பக்கம் கண்ணாடிக் கதவு வச்சது. எழுபது கிலோ. வச்சா இந்த இடத்துலதான் வைக்கணும், வேற எங்கயும் கொள்ளாது. மிச்சத்துல துணி அலமாரி. காய வைக்கிறப்ப பேட்டரியை உறிஞ்சிரும், எங்கயாச்சும் கரண்டு குடுக்கிற இடத்துல நிறுத்தித்தான் ஓட்ட முடியும். இன்னொண்ணு, ரெட்டைத் தொட்டி. ஒண்ணுல துவைச்சு, எடுத்து ஒண்ணுல போட்டுச் சுத்திப் பிழியிறது. எடை கெடையாது. பாத்ரூமுக்குள்ள வச்சுக்கலாம், குளிக்கிறப்ப தூக்கி வெளிய வச்சிரலாம். ரெண்டு வாளித் தண்ணி போதும். ஆனா அதுல காயாது. கயிறு கட்டித்தான் காயப்போடணும்.”

“அப்ப முதல் மிஷின்தான்” என்றாள் ஹெப்சிபா.

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுத்தான் சொல்றேன். மூணு மாசம், ஒவ்வொரு நாளும் ஈரத்துணியைத் தூக்கிக்கிட்டா ஊர் ஊரா அலைவாங்க? பத்தொம்பது வருசமா நான் பாக்கிற சோலி இது. துவைக்கிறது ஒரு வேலையே இல்லீங்க. காய வைக்கிறதுதான் வேலை.”

துணி விஷயத்தில் அவளோடு யாரும் வாதாட முடியாது. முந்நூறு பிள்ளைகளின் துணி அவள் கைவழியாகப் போய் வருகிறது. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் எண் தைத்திருக்கும். ஜூன் தொடங்கிவிட்டால் டிசம்பர் வரை வெளியே ஒரு கைக்குட்டை காயாது. கொதிகலன் குழாய் ஓடும் அறைக்குள் வரிசை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு நான்கு முறை திருப்பிப்போட வேண்டும். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது, குளிரில் கை பொய் சொல்லும். மேலுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே சொல்லிக்கொடுப்பாள். ஆகவே மரியசெல்வம் டேப்பைக் கீழே வைத்தான். பென்சில் கோட்டை விரலால் தடவிக்கொண்டு, “இந்த இடத்தை நான் ரயில்ல இருக்குமே பக்கவாட்டுப் படுக்கை, அந்த மாதிரி ஒண்ணுக்குன்னு நெனச்சு வச்சிருந்தேன்” என்று மட்டும் சொன்னான்.

“யாரு படுக்க?”

“யாருக்குன்னு இல்ல. சும்மா.”

சும்மா இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். மகள் சுஜிதா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள், அவளுக்கு டிசம்பரில் பரீட்சை. வீட்டில் மிச்சமிருப்பது ஒருவர்தான். அந்த ஒருவர் அப்போது கொட்டகை வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

மரியசெல்வத்தின் அப்பா இருதயசாமிக்கு எழுபத்தாறு வயது. மிஷன் விருந்தினர் விடுதியில் நாற்பது வருடம் சமையல்காரராக இருந்தவர். குரங்குக் குல்லா, சாம்பல் நிற ஸ்வெட்டர், காலுறைக்கு மேல் இன்னொரு காலுறை. இந்த மூன்று மாதமும் அவரை அய்யம்பாளையத்தில் இளைய மகன் டிக்சன் வீட்டில் விடுவதாக ஆகஸ்டிலேயே பேசி முடித்தாயிற்று. சொன்னதும், “நல்லதாப் போச்சு, முட்டி கொஞ்சம் வெயில்ல காயட்டும்” என்று சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து தினமும் மத்தியானம் பஸ் பிடித்து வில்பட்டிக்கு வந்துவிடுகிறார். வண்டியைச் சுற்றி வருவார். சமையல் மேடையைத் தட்டிப் பார்ப்பார். அடுப்பு ஒரு சாண் தள்ளி இருந்தால் கைப்பிடி இடிக்காது என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

“என்னலே, எதை அளக்குறீங்க?” என்று படியேறி வந்தார். குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார். “இதுல ஒரு ஆளு படுக்கலாம் போலயே.”

“அது மிஷினுக்கு மாமா” என்றாள் ஹெப்சிபா. “துணியைப் போட்டா காஞ்சே வெளிய வரும்.”

“காஞ்சேவா?” இருதயசாமி வாயைப் பிளந்தார். “உங்க சி.எஸ்.ஐ. ஆளுங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு மிஷினு வேணும்மா. ஜெபத்துக்கு மட்டுந்தான் இன்னும் வரலை.”

“வந்தா உங்களுக்கும் ஒண்ணு சேத்து வாங்கிருவோம். காலையில நாலு மணிக்கு நீங்க எந்திரிக்க வேண்டாம்ல.”

அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சிரித்து முடித்து, குல்லாவைச் சரிசெய்துகொண்டு, “கோவாவுல சவேரியார் அழியாத ஒடம்போட இருக்காராமே. போனா பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றார். மரியசெல்வம் டேப்பைச் சுருட்டத் தொடங்கினான். அது சர்ரென்று உள்ளே ஓடி அடங்கியது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஹெப்சிபா அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டு போங்கள் என்று கேட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்பவரிடம் எப்படிக் கோபப்படுவது? அவர் கெட்டவர் இல்லை. சுஜிதா பிறந்தபோது நாற்பது நாளும் அவர்தான் சமைத்துப் போட்டார். ராத்திரியில் குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் நடப்பார். அவளுடைய அம்மா வீட்டார், கத்தோலிக்கனைக் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வருடம் பேசாமல் இருந்தபோது, இரண்டு கிறிஸ்துமஸுக்கும் கேக் சுட்டு அதை அவரே எடுத்துக்கொண்டு போய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தார். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இருபத்தொரு வருடமாக ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள்.

பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டில் ஒரு அறை, ஒரு சமையலறை. அறையின் குறுக்கே ஒரு கயிறு. குடிவந்த புதிதில் அந்தக் கயிற்றில் ஒரு போர்வையைத் திரையாகப் போட்டிருந்தார்கள். மழைக்காலம் வந்ததும் துணி காயப்போட வேறு இடமில்லாமல் போர்வையை எடுத்துவிட்டு ஈரத்துணிகளையே தொங்கவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும், அந்தப் பக்கம் இருதயசாமியும். அவருடைய நீள உள்காற்சட்டையும் அவளுடைய பாவாடையும் பக்கத்துப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். அவர் புரண்டு படுத்தால் கட்டில் முனகும். உடனே மரியசெல்வம் பேச்சை நிறுத்திவிடுவான். அப்படி நிறுத்திய பேச்சுகள் எத்தனையோ. மறுநாள் அவன் வண்டியெடுத்துப் போய்விட்ட பிறகு, நேற்று என்ன சொல்ல வந்தான் என்று அவள் யோசிப்பாள். சாயங்காலம் கேட்டால் அவனுக்கு மறந்திருக்கும். கிசுகிசுத்தே பழகியதில் அவன் குரல் சாதாரணமாக எப்படி இருக்கும் என்பது வண்டிக்குள் அவன் சுற்றுலாக்காரர்களோடு பேசுவதைக் கேட்டால்தான் அவளுக்கு நினைவுக்கு வரும்.

வருடத்தில் பத்து நாள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இருதயசாமி காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடைபயணம் போவார். கொடியேற்றத்தன்று கிளம்பி நடந்தே போய், தேரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வருவார். அந்தப் பத்து நாளும் அவர்கள் உரக்கப் பேசினார்கள். சுஜிதாவைத் தூங்கவைத்துவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு சீட்டு விளையாடினார்கள். ஒரு தடவை மரியசெல்வம் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வீடு முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்தான். அவனுக்குப் பாட வரும் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருதயசாமி நடைபயணத்தை விட்டுவிட்டார். ஐந்து வருடமாக அந்தப் பத்து நாளும் இல்லை.

இதை வைத்துத்தான் அவள் அந்த வண்டியை நினைத்தாள். மூன்று மாதம் என்றால் ஒன்பது வேளாங்கண்ணி. மரியசெல்வத்துக்கு ஊர்களும் சாலைகளும் தெரிந்தன. அவளுக்கு அந்தப் பின்கட்டிலும், ஜன்னலுக்கு வெளியே யாருமில்லாத வெள்ளைத் தரையும், அவன் முழுக்குரலில் பேசிக்கொண்டிருப்பதும் தெரிந்தன. அந்த இரண்டடி இடத்தில் ஒரு படுக்கை வந்துவிட்டால் அதில் ஒருவர் வந்துவிடுவார். எழுபது கிலோ இயந்திரம் ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், வேண்டாம் என்று அவள் யாரிடமும் சொல்லவே வேண்டியதில்லை. இடம் இல்லை என்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை அந்த வண்டியிலேயே மலைக்குக் கீழே வத்தலக்குண்டுக்குக் கிளம்பினார்கள். அங்கே கடை வைத்திருக்கும் சேனாதிபதி, மரியசெல்வத்துக்கு வண்டிப் பழக்கம். இரண்டு இயந்திரமும் கடையிலேயே ஓட்டிக் காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தார். அப்படியே அய்யம்பாளையம் போய், டிக்சன் வீட்டில் இருதயசாமிக்கு ஒதுக்கியிருக்கும் அறையை அவருக்குக் காட்டிவிட்டு வருவது என்று ஏற்பாடு. ஹெப்சிபா ஒரு பெரிய வாளி நிறைய ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான்கு நாளாகக் கயிற்றில் கிடந்தும் காயாத துண்டுகள், தலையணை உறைகள், மரியசெல்வத்தின் இரண்டு சட்டை.

“இது எதுக்கு?” என்றான் அவன்.

“கடையில மிஷினுக்குள்ள போட்டுப் பாக்கத்தான். நம்ம துணியைப் போட்டுக் காயுதான்னு பாக்காம எப்பிடி வாங்குறது? அவங்க வச்சிருக்கிற ரெண்டு கைக்குட்டையைக் காய வச்சுக் காட்டி ஏமாத்திருவாங்க.”

“சரிதான்” என்று இருதயசாமி பின்னாலிருந்து ஆமோதித்தார். அந்த இரண்டடி இடத்தில் ஒரு பழைய மெத்தையை விரித்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தார். “துணி விசயத்துல எம்மருமக சொன்னாச் சொன்னதுதான்.”

பெருமாள்மலை வரைக்கும் எதிரில் வரும் வண்டியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஊத்து என்ற ஊரைத் தாண்டியதும் மூட்டம் கிழிந்து பள்ளத்தாக்கு கீழே கீழே இறங்கியது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பியிருந்ததால் வண்டி கனத்தது. மரியசெல்வம் இரண்டாவது கியரிலேயே இறக்கினான். அப்படியும் மலையடிவாரத்தில் சமதரை வந்தபோது பிரேக்கிலிருந்து கருகிய நாற்றம் அடித்தது. ஓரத்தில் ஒரு டீக்கடை பார்த்து நிறுத்தினான். “முக்கா மணி நேரம் ஆறட்டும். தொடக்கூடாது, தண்ணியும் ஊத்தக்கூடாது” என்று சொல்லிவிட்டு சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஹெப்சிபா ஸ்வெட்டரைக் கழற்றினாள். வெயில் கழுத்தில் விரல் வைத்ததுபோல இருந்தது. டீ குடித்தாள். பக்கத்திலிருந்த புளியமரத்து நிழலில் ஒரு கல்லில் சாய்ந்து கண்ணை மூடினாள், கொஞ்ச நேரம் தூங்கியும் போனாள்.

விழித்தபோது சாலையோர இரும்புத் தடுப்பின்மேல் வரிசையாக வெள்ளைத் துண்டுகள் கிடந்தன. துண்டுக்கும் துண்டுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல். கடைசியில் மரியசெல்வத்தின் சட்டைகள், கைகளை விரித்துக்கொண்டு. இருதயசாமி காலி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தலையணை உறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா பண்றீங்க!”

“வாளிக்குள்ள புழுங்கிக் கெடந்துச்சும்மா, வாடை வந்துருச்சு. சும்மாதான இருக்கோம்னு விரிச்சுவிட்டேன்.” ஒரு துண்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஹெப்சிபா அதை மேலுதட்டில் வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. ஈரத்தின் சுவடே இல்லை. மடித்தால் மடிப்பு மொறுமொறுவென்று நின்றது. அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததை. சட்டைக் காலரின் தையலுக்குள்கூடக் காய்ந்திருந்தது. கீழே வெயில் அடிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? மதுரைக்குக் கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள், திண்டுக்கல்லுக்கு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். ஆனால் எப்போதும் மேலேயிருந்து காய்ந்த துணியைக் கட்டிக்கொண்டு வந்து, சாயங்காலமே திரும்பிவிடுவாள். நாற்பத்து மூன்று வயதில் ஒரு முறைகூட அவள் கீழே துணி துவைத்ததில்லை. ராமேஸ்வரத்தையும் கட்சையும் நினைத்தபோதெல்லாம் அங்கேயும் கொடிக்கயிற்றில் நான்கு நாள் தொங்கும் துண்டுகளைத்தான் நினைத்திருக்கிறாள். துண்டை முகத்தில் வைத்தபடியே நின்றாள். வெயிலுக்கு இப்படி ஒரு வாசனை உண்டு என்பது, மேலே கோடையில் காயவைத்தபோதுகூட அவளுக்குத் தெரிந்ததில்லை. மரியசெல்வம் சக்கரத்தின் பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தான், பிறகு துண்டுகளைப் பார்த்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரேக்கைக் குனிந்து ஊதினான்.

மாமனார் தெரிந்தே செய்தாரா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து காய்ந்ததை மடித்துக்கொண்டிருந்தார். அவள் மடிப்பதுபோலவே, மூன்றாக மடித்துப் பிறகு இரண்டாக.

சேனாதிபதியின் கடை சந்தைக்குப் போகும் தெருவில் இருந்தது. “வாங்க, வாங்க. கேரவன்னு சொன்னதும் யாரோ சினிமாக்காரங்கன்னு எங்க கடைப் பொண்ணு பவுடரெல்லாம் போட்டு நிக்கிது” என்று வரவேற்றார். கண்ணாடிக் கதவு வைத்த இயந்திரத்தைத் திறந்தார். உள்ளே எஃகு உருளை பளபளத்தது. “இங்க துவைச்சு, இதுலயே காஞ்சிரும். நீங்க பட்டனை அமுக்கிட்டுப் படுத்துரலாம். கொண்டாந்த துணியைக் குடுங்கம்மா, ஓட்டிக் காமிக்கிறேன்.”

ஹெப்சிபா வாளியைப் பார்த்தாள். மடித்து அடுக்கிய துண்டுகள்.

சேனாதிபதி ஒன்றை எடுத்துத் தடவினார். “காஞ்சதைக் கொண்டாந்து காய வைக்கச் சொல்றீங்களேம்மா!”

“வர்ற வழியில காஞ்சிருச்சு” என்றாள்.

“பின்ன காயாம? இந்த ஊர்ல இந்த மிஷினு ரெண்டுதான் வித்துருக்கேன். ரெண்டும் மேல கொடைக்கானலுக்குத்தான் ஏறிச்சு. கீழ ஒருத்தரும் சீந்த மாட்டாங்க.” சொன்ன பிறகுதான் வியாபாரம் நினைவுக்கு வந்தவர்போல நிறுத்தினார். “இருந்தாலும் வசதின்னு ஒண்ணு இருக்குல்ல. மழை பேஞ்சா? வெளியூர்ல கயிறு கட்ட இடமில்லாட்டி?”

பக்கத்தில் ரெட்டைத் தொட்டி இருந்தது. நீல மூடி, பிளாஸ்டிக் உடல், ஒரு கையால் நகர்த்தலாம். மரியசெல்வம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தான். இருதயசாமி கண்ணாடிக் கதவுக்கு முன் குனிந்து, உள்ளே டிவி ஓடுவதைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் இருக்கு. இதையே வாங்குங்க” என்றார். “இதுக்குக் குளிரும் தெரியாது, முட்டியும் வலிக்காது. மூலையில போட்டா போட்ட எடத்துல கெடக்கும்.” சேனாதிபதி சிரித்தார். இருதயசாமியும் சிரித்தார்.

“எதுன்னு சொல்லு ஹெப்சி” என்றான் மரியசெல்வம். இரண்டுக்கும் நடுவில் நின்றபடி அவள் காரணம் தேடினாள். பத்தொன்பது வருட அனுபவத்தில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. காயாது என்று இனிமேல் சொல்ல முடியாது. மழை வரும் என்று சொல்லலாம். ஆனால் ராமேஸ்வரம் தாண்டிவிட்டால் அவர்கள் போகிற கடற்கரைகளில் அவை மழை இல்லாத மாதங்கள் என்று மரியசெல்வமே தேடிப் பிடித்து நாள் குறித்தவன்.

“திரும்பி வர்றப்ப சொல்றோம்ணே” என்றாள் சேனாதிபதியிடம். “சாயங்காலம் கடை இருக்கும்ல?”

அய்யம்பாளையத்துக்குப் போகும் வழியில் இருதயசாமி அந்த இடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டார். டிக்சன் போன் செய்து, தோப்பில் தேங்காய் இறக்கிக்கொண்டிருப்பதாகவும் ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வரும்படியும் சொன்னான். மரியசெல்வம் மருதாநதி அணைப் பக்கமாக வண்டியைத் திருப்பி, கரைக்குக் கீழே ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினான். ஜன்னல்களைத் திறந்துவைத்தான். அப்பாவைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருக்க, ஒரு கை மெத்தைக்கு வெளியே தொங்க, தூங்கிக்கொண்டிருந்தார். படுத்திருந்ததில் தலைக்கு மேல் நான்கு விரல், காலுக்குக் கீழே நான்கு விரல் இடம் மிச்சமிருந்தது.

இரண்டு பேரும் படியேறிக் கரைமேல் நடந்தார்கள். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தென்னந்தோப்புகள். மேலே அவர்களுடைய மலை, பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. அங்கே இப்போதும் தூறிக்கொண்டிருக்கும். ஆள் நடமாட்டம் இல்லை. கரையின் நடுப்பகுதிக்கு வந்தபோது ஹெப்சிபா நின்றாள்.

“ஈரத்துக்காக இல்லீங்க” என்றாள்.

“எது?”

“அந்த மிஷினு. நாம ரெண்டு பேரு மட்டும் போகணும். எனக்கு அதுதான் வேணும். வேற ஒண்ணும் இல்ல.” குரல் தன்னையறியாமல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தெரியும்” என்றான்.

“எப்பருந்து?”

“ஈரத்துணியைத் தூக்கிக்கிட்டா ஊர் ஊரா அலைவாங்கன்னு கேட்ட பாரு, அப்பருந்து. ராமேஸ்வரத்துல துணி காயாதா?”

“அங்க காயும்னு நெசமாவே எனக்குத் தோணலைங்க! சத்தியமா. அங்கயும் மேல மாதிரித்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

மரியசெல்வம் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றிலிருந்து கிளம்பிய பெரிய சிரிப்பு. தண்ணீருக்கு மேல் போய் எதிர்க்கரையில் பட்டுத் திரும்பி வந்தது. அவளும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கும் அப்பிடித்தான் ஹெப்சி” என்றான் அவன், சிரிப்பு அடங்கியதும். “ரெண்டு பேராத்தான் போகணும்னு இருக்கு. எனக்கு மட்டும் ஆசை இருக்காதா? ஆனா அவரு ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறாரே. கேட்டா, முடியாதுப்பான்னு சொல்லிரலாம். அவரு ரெண்டு நாளு முறுக்கிக்கிட்டுத் திரிவாரு, சரியாப்போகும். கேக்காத ஆளுக்கு எப்பிடி இல்லைன்னு சொல்றது?”

“நீங்களே சொல்லிருங்களேன். எதை வாங்கலாம்னு.”

“நான் சொல்ல மாட்டேன். எதுன்னாலும் நீ சொல்றதுதான். அப்புறம் நான் ஒரு நாளும் அதைப் பத்திப் பேச மாட்டேன்.”

அவள் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பாரத்தை இப்படி என் தலையில் வைத்துவிட்டால் ஆயிற்றா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் கீழே வண்டியின் பக்கக் கதவு நகரும் சத்தம் கேட்டது.

இருதயசாமி படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். நெற்றியில் கையை வைத்துத் தோப்புப் பக்கம் பார்த்தார். பிறகு அவர்கள் வந்த சாலையைப் பார்த்தார். கரைக்கு மேலே அவர் பார்க்கவில்லை. சட்டைப்பையில் போன் இருந்தது, அதை எடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, வண்டியின் படியில் உட்கார்ந்தார். ஷூவின் கயிறுகளை நிதானமாக அவிழ்த்தார். முதல் காலுறையை உருவினார், அதற்கு உள்ளே இருந்த காலுறையையும் உருவினார். வெயிலே படாத பாதங்கள் இரண்டும் மாவு பூசினாற்போல வெளுத்திருந்தன.

“சத்தம் குடுக்கவா?” என்றான் மரியசெல்வம்.

“இருங்க, முட்டி காயட்டும்” என்று ஹெப்சிபா அவன் முழங்கையைப் பிடித்தாள். கீழே, நிழல் முடிந்து வெயில் தொடங்கும் இடத்தில், இருதயசாமி வலது பாதத்தை மெதுவாக மண்ணில் வைத்தார். சுட்டிருக்க வேண்டும், சட்டென்று எடுத்தார். குனிந்து அந்த மண்ணை ஒரு முறை பார்த்தார். பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, விரல்களை விரித்து, எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.